புதிதாக மாநகராட்சி ஆன ஊரில் கவுன்சிலர் தேர்தலுக்குச் சுயேச்சையாக நிற்கலாமா?

தாராளமாக நிற்கலாம். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அந்த வார்டில் ஓட்டு இருக்கிறது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதை வைத்துத்தான் பேசுகிறேன். ஊர் எல்லையில் புது நகர் ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்து சில வருஷம் ஆகிறது, மழை பெய்தால் தெருவில் கால் வைக்க முடியவில்லை, பாதாள சாக்கடை வரவில்லை, கம்பம் இருக்கிறது விளக்கு இல்லை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் "நீங்க நில்லுங்க சார், நாங்க இருக்கோம்" என்கிறார்கள். இருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒருவருக்குச் சொந்த ஊரில், இன்னொருவருக்கு முன்பு வாடகைக்கு இருந்த பேட்டையில், மூன்றாமவருக்கு மாமனார் வீட்டு முகவரியில். வேகமாக வளரும் ஊரில் யாருக்கு அதிகக் குறை இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அங்கே ஓட்டு இருக்காது. இதை எந்தக் கட்சிக்காரரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கு இது பத்து வருஷமாகத் தெரியும்.

நான் 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நின்றவள். ஊர்ப் பெயர் வேண்டாம். 2019-ல் ஓசூரும் நாகர்கோவிலும் மாநகராட்சி ஆயின, 2021-ல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி என்று இன்னும் ஆறு, அவற்றில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்றேன், மூன்றாம் இடம். டெபாசிட் போகவில்லை. "தோத்தவ எதுக்கு யோசனை சொல்ல வர்றா" என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்தவர்கள் இந்தத் தளத்தில் வந்து பதில் எழுதுவதில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அப்புறம், எந்தக் கட்சியும் பணமும் இல்லாமல் நின்று டெபாசிட் வாங்கியவர்கள் எங்கள் மாநகராட்சியில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணலாம்.

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். அதனால் ஆர்வக்கோளாறில் நோட்டீஸ் அடிக்கக் கிளம்பாமல் முதலில் வாக்காளர் பட்டியலைத்தான் இறக்கி அச்செடுத்தேன். பாகம் பாகமாக, தெரு தெருவாக. பழைய ஊர்ப் பகுதியில் ஒரு சின்னச் சந்துக்குப் பக்கம் பக்கமாகப் பெயர்கள், அதில் இறந்துபோனவர்களும் கல்யாணமாகி வெளியூர் போன பெண்களும் அடக்கம். எங்கள் நகரில் வரிசையாக மாடி வீடுகள் நிற்கிற தெருவுக்கு ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பகலாகச் சாக்கடையைப் பற்றிப் பேசுகிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் பட்டியலிலேயே இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2022-க்கு முந்தைய நகராட்சித் தேர்தல் 2011 அக்டோபரில் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் என்று அறிவித்து, மனுக்கூட வாங்கிவிட்டார்கள், அக்டோபர் 4-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினர் ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்பது வழக்கு. அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. ஊர் ஊதிப் பெருத்தது சரியாக அந்த வருஷங்களில்தான். கேட்க ஆளில்லாத காலத்தில் விளைநிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, நாம் குடிவந்துவிட்டோம். வார்டு எல்லையை மட்டும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டார்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பும் அந்த வருஷம் நடக்கவில்லை. ஆக நீங்களும் நானும் குடியிருக்கிற தெரு, அந்தக் கணக்கில் சோளக்காடு.

சரி, பட்டியலில் சேர்த்துவிட்டால் போச்சு என்று நினைப்பீர்கள். நானும் 2021 நவம்பர் திருத்த முகாமுக்கு முன்பே படிவம் 6-ஐத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். (வேறு தொகுதியிலிருந்து மாறி வருபவர்களுக்கு அப்போது அதுதான். 2022 ஆகஸ்டிலிருந்து இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8.) படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், சொன்ன காரணங்களைக் கேளுங்கள். "ஓட்டை மாத்தினா ஊர்ல ரேஷன் கார்டு போயிடுமா?" போகாது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் நம்பவில்லை. "ஊர்ல சித்தப்பா பிரசிடென்ட்டுக்கு நிப்பாரு மேடம், என் ஓட்டு அங்க வேணும்." "பூர்வீக நிலத்துல பங்காளித் தகராறு ஓடுது, ஓட்டை எடுத்துட்டா நான் ஊரை விட்டே போயிட்டேன்னு பேசுவாங்க." இதில் கடைசிக் காரணத்தை மட்டும் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அப்படியும் கணிசமான குடும்பங்களைச் சேர்த்தோம். 2022 ஜனவரி 5-ல் பட்டியல் வந்தபோது பெயர்கள் இருந்தன, சந்தோஷம். மாநிலத் தேர்தல் ஆணையம் அந்தச் சட்டமன்றப் பட்டியலை எடுத்துத்தான் வார்டுவாரியாகப் பிரிக்கிறது. அப்படிப் பிரித்ததில் எங்களுடைய இரண்டு குறுக்குத் தெருக்கள் பக்கத்து வார்டுக்குப் போய்விட்டன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வார்டு, இந்தப் பக்கம் ஒரு வார்டு, நாங்கள் இந்தப் பக்கம், ஓட்டு அந்தப் பக்கம். நான் ஓடி ஓடிச் சேர்த்த ஓட்டில் பாதி, முகம்கூடத் தெரியாத இன்னொரு வேட்பாளருக்கு விழுந்தது. விசாரித்தால் "தேர்தல் முடிஞ்சப்புறம் மனு கொடுங்கம்மா" என்றார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னேன் என்று யாரும் கிளப்பிவிடவும் வேண்டாம். தெருவின் பெயர் பழைய சர்வேயில் ஒன்று, பலகையில் ஒன்று, பட்டியலில் ஒன்றாக இருந்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் தெருவுக்கு எத்தனை பெயர் என்று இப்போதே பாருங்கள்.

அடுத்தது நேரம். இதைத் தேதியோடு சொன்னால்தான் புரியும். ஜனவரி 26 அறிவிப்பு. மனு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை 5, வாபஸ் 7. சுயேச்சைக்குச் சின்னம் அதற்கப்புறம்தான். பிரச்சாரம் 17-ம் தேதி மாலை 6 மணிக்கு முடிந்தது. ஒரு கட்சி வேட்பாளரின் சின்னம் பாட்டி காலத்திலிருந்து சுவரில் இருக்கிறது, எனக்குச் சின்னம் கிடைத்து அச்சகத்துக்குப் போய் நோட்டீஸ் கைக்கு வரும்போதே பாதி நாள் போயிருந்தது. எனக்குக் கிடைத்த சின்னத்தைப் பார்த்துப் பல பெரியவர்கள் அது என்ன பொருள் என்றே கேட்டார்கள், விளக்கிவிட்டு ஓட்டுக் கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்தியிருப்பார்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. செலவு உச்சவரம்பு சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 85,000. நான் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, ரசீதோடு கணக்குக் கொடுத்தேன், என் தொழிலே அதுதான். மற்றவர்கள் கணக்கைப் பற்றி நான் பேசப் போவதில்லை, கடைசி இரண்டு ராத்திரி எங்கள் தெருவில் தூங்காமல் இருந்தவர்கள் பேசட்டும். ஆரத்தித் தட்டுக்குக் காசு போடுவதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தோம். தட்டோடு நின்றவர்கள் முகம் சுருங்கியது உண்மை, அதற்காக ஏழை ஜனங்களைத் திட்டி இங்கே எழுத மாட்டேன். காசு வாங்காத எங்கள் மாடி வீட்டுக்காரர்கள் வாக்குச்சாவடிக்கே வரவில்லை, அதற்கு இது தேவலை.

பெண் வார்டு என்பதால் இன்னொரு தொல்லை. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, 2016-லேயே ஐம்பது சதவீதம் என்று சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் போகிற வீட்டிலெல்லாம் "வீட்டுக்காரர் என்ன பண்றார், அவர் ஏன் வரலை?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அவர் வீட்டில் பூத் ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற ஒருவரின் போஸ்டரில் கணவர் படம் பெரிதாகவும் வேட்பாளர் படம் ஸ்டாம்பு அளவிலும் இருந்தது. அவர்தான் இரண்டாம் இடம்.

நடுவே ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தேர்தல் முடிந்து மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், 4-ல் மேயர் மறைமுகத் தேர்தல், ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு. எங்களைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீடு 1,200-க்குள். அளக்க வந்தவர் திண்ணையையும் மாடிப்படிக்கு மேலே போட்ட தகரத்தையும் சேர்த்து 1,200-ஐத் தாண்ட வைத்துவிட்டார். தகரத்துக்கு யாராவது வரி போடுவார்களா? மனு கொடுத்தேன், மறு அளவை என்றார்கள், மறுபடி வந்தவர் தகரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேடையைச் சேர்த்தார். நான் கவுன்சிலராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று என் மாமியார் இன்றுவரை சொல்கிறார். நடந்திருக்கும்.

ஜெயித்தால் உங்கள் தெருவுக்குச் சாலை போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அதையும் ஒரு வார்த்தை. உங்கள் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, இல்லை 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் சரிசெய்ததா என்று பாருங்கள். சாலையையும் பூங்கா இடத்தையும் புரமோட்டர் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாரா என்பதையும் பாருங்கள். கொடுக்காவிட்டால் அது காகிதத்தில் இன்னும் தனியார் நிலம், மேயரே வந்தாலும் தார் ஊற்ற முடியாது என்று அதிகாரி கையை விரிப்பார். இந்தக் காகிதத்தைத் தேட நீங்கள் கவுன்சிலர் ஆக வேண்டியதில்லை, ஆனால் தேடி எடுத்துக் கையில் வைத்திருந்தால் வீடு வீடாகப் போகும்போது பேச ஒரு விஷயம் இருக்கும். எனக்கு விழுந்த ஓட்டில் பாதி, எங்கள் நகரின் பூங்கா இட வரைபடத்தை நகலெடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்ததால் விழுந்தது என்று நினைக்கிறேன்.

சம்பளம் உண்டா என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 மதிப்பூதியம். அதை நம்பி வேலையை விடாதீர்கள்.

இப்போதைய மன்றங்களின் ஐந்து வருஷம் 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. தேர்தல் அப்போதே வருமா, போன தடவை மாதிரி இழுக்குமா என்று ஜோசியம் சொல்ல நான் ஆளில்லை. நீங்கள் அந்த ஊரில் எந்த வார்டில் வாக்காளராக இருந்தாலும் இன்னொரு வார்டில் நிற்கலாம், உங்களை முன்மொழிபவர்தான் அந்த வார்டுக்காரராக இருக்க வேண்டும். அதனால் நண்பர்களில் யாருக்கு அங்கே ஓட்டு இருக்கிறது என்பது மனுவின் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மறுபடி நிற்பாயா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், நிற்பேன். "வார்டு இந்தத் தடவை பொதுவா மாறிட்டா என்ன பண்ணுவே?" என்று எங்கள் குழுவிலேயே ஒரு சார் கேட்டார். பொது என்றால் ஆண்கள் வார்டு என்று யார் சொன்னது சார்?