மைத்துனரை இறக்கிவிடுங்கள்

கேள்வி: என் காருக்கு 13 வயது. கடன் அடைந்து 8 வருடமாகிறது. இப்போது கிளட்ச் மாற்ற வேண்டுமாம். முன்பக்கம் பள்ளத்தில் இறங்கினால் 'டொக் டொக்' என்று சத்தம் வேறு. தவணையில் புதுசு எடுக்கலாம் என்கிறான் மகன். மைத்துனர் புது வண்டி வாங்கியதிலிருந்து மனைவியும் அவன் கட்சி. என்ன செய்ய?

பதில்: முதலில் மைத்துனரை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்வரை கணக்கு சரியாக வராது.

9 சதவீத வட்டியில் 7 வருடத் தவணை என்றால், நூறு வாங்கிய இடத்தில் கிட்டத்தட்ட 135 கட்டுவீர்கள். முதல் தவணையில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போய்விடும். இன்னொரு பக்கம் புது வண்டியின் விலை ஷோரூமை விட்டு இறங்கிய நாளிலிருந்தே சரியும். உங்கள் வண்டி பட வேண்டிய சரிவையெல்லாம் பட்டு முடித்துவிட்டது.

கிளட்ச் தேய்கிற சாமான்தான். மாற்றும்போது தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிசு, அதை எதற்கு இரண்டு தடவை அழ வேண்டும்? டொக் டொக் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்காகவோ லோயர் ஆர்ம் புஷ்ஷாகவோதான் இருக்கும். இரண்டுமே முன்சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் அமைப்பில் இருக்கும் சின்ன உறுப்புகள், மாற்றக்கூடியவை.

என் வண்டிக்கு 17 வயது. பின்பக்க இடது கண்ணாடியை இறக்கினால், ஏற்றும்போது உள்ளங்கையால் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. கடைசித் தவணை முடிந்த அடுத்த மாதமே, அதே தேதியில், அந்தத் தொகையில் பாதியைத் தனிக் கணக்கில் போட ஆரம்பித்தேன். போன வருடம் ரேடியேட்டர் போனபோது யாரிடமும் கை நீட்டவில்லை.

ஆனால் ஒன்று. கிளட்சுக்குச் செலவழிக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடித்தளத்திலும் ஜாக்கி வைக்கும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் சரி. முனை உள்ளே இறங்கினால் துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். கிளட்ச் வேண்டாம், வண்டியை விட்டுவிடுங்கள். அதேபோல ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் நானும் மகன் கட்சிதான். அப்போதும் புதுசுதான் வேண்டும் என்பதில்லை, அவை உள்ள நாலைந்து வயது வண்டி போதும்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று பார்த்திருக்கிறேன். டயர் நாலும் புதுசு மாதிரி என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: டயரின் பக்கவாட்டில் 'DOT' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி 4 எண்களைப் படியுங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் நாலு டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். என் நண்பர் பார்க்காமல் வாங்கிய வண்டியில் அந்த இடத்தில் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.