விமானம் ஏன் கோணலாக இறங்குகிறது?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு குட்டி விமானம் மூக்கைக் கோணலாகத் திருப்பிக்கொண்டே இறங்கியதைப் பார்த்தேன். ஓட்டியவர் கற்றுக்குட்டியா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அட, விஷயம் தெரிந்தவர்தான்! ஒகேனக்கல்லில் பரிசல்காரர் நேர் எதிர்க்கரைக்குப் போக, தண்ணீர் வரும் பக்கமாகச் சற்றுத் திருப்பித்தானே துடுப்புப் போடுகிறார், பக்கவாட்டில் அடிக்கும் பக்கக்காற்றிலும் அதே கதைதான், மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றுத் திருப்பினால்தான் விமானம் ஓடுபாதைக்கு நேராக வரும். ஆனால் கோணலாகவே தரையைத் தொட்டால் டயர் பக்கவாட்டில் இழுபடும். அதனால் கடைசி நொடிகளில் வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் மிதியைக் காலால் அழுத்தி மூக்கை ஓடுபாதைக்கு நேராக்குவார்கள், கூடவே காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள், அந்தப் பக்கச் சக்கரம்தான் முதலில் தொடும். தொட்டதும் அப்பாடா என்று விமானத்தை இயக்கும் பிடியில் கையைத் தளர்த்திவிடக் கூடாது, பலர் சறுக்குவது அங்கேதான். செஸ்னா 172 என்ற குட்டி விமானம் இறங்க முடியும் என்று சோதித்துக் காட்டிய பக்கக்காற்றின் வேகம் 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கி.மீ. நம்மூர் ஆடிக் காற்று சில நாள் அதையும் தாண்டி அடிக்கும்.