ஆற்றங்கரை அஞ்சல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணாச்சி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் என் மகன் ஐப்பசியில் லீவுக்கு வருகிறான். அங்கே சஸ்குவெஹானா ஆற்றில் கயாக்கில் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) போய் ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடித்துப் பழகியவன். காற்றடைக்கிற கயாக் ஒன்றைக் கொண்டுவந்து சேரன்மகாதேவியில் இறக்கப் போகிறானாம். 'ஆற்று மீனுக்கு அக்டோபர்தான் மாதம்' என்று அடித்துச் சொல்கிறான். அனுப்பலாமா?
(ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: அந்த ஆற்றுக்குத் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தாமிரபரணிக்குப் பொருந்தவே பொருந்தாது.

என் மகள் குடும்பம் அந்த ஆற்றங்கரையிலுள்ள ஹாரிஸ்பர்க்கில் இருக்கிறது. அக்டோபரில் அங்கே போயிருந்தபோது மருமகனோடு நானும் ஆற்றில் இறங்கினேன். ஊரை ஒட்டி ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலம்; ஆனால் பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கோடையில் வற்றி, அடிப்பாறை தெரியும்படி தெளிந்து கிடந்தது. மீனுக்கென்று தனியாக உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய் அசையாமல் கிடக்கும். அதனால் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸை நோக்கி இறங்கும் நாட்களில், சிறுமீனையும் கொடுக்குள்ள ஆற்று இறாலையும் வயிறு புடைக்கத் தின்கிறது. தூண்டில்காரர்கள் காத்திருப்பது அந்தச் சில வாரங்களுக்குத்தான்.

பாறைக்குப் பின்பக்கம் ஓட்டம் உடைந்து நீர் தேங்கும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே கயாக்கைச் செருகினார் மருமகன். ஓடும் நீரும் நிற்கும் நீரும் உரசுகிற கோட்டில் போலி இரையைப் போட்டார். வேகமாகச் சுற்றி இழுக்கவில்லை. தரையில் உருளவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓர் இழுப்பு. தங்கூசி (தூண்டில் நரம்பு) லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்ததும் இழுத்துத் தூண்டில் முள்ளை ஏற்றினார். வெண்கல நிற உடம்பு, மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், சிவந்த கண். இரண்டு முறை தண்ணீருக்கு மேலே எகிறிவிட்டுத்தான் கைக்கு வந்தது. கீழுதட்டில் கட்டைவிரலை வைத்துத் தூக்கினார். பாஸின் பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்குமே தவிர வெட்டாது. அந்தப் பகுதியில் பாஸை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. முள்ளைக் கழற்றி உடனே விட்டுவிட்டார்.

இனி நம் ஊருக்கு வாருங்கள். ஐப்பசி நமக்கு அடைமழை, கார்த்திகை கனமழை. அவர்கள் ஆறு வற்றித் தெளிகிற நாளில் நம் ஆறு கலங்கிப் பெருகுகிறது. கலங்கலில் போலி இரை மீன் கண்ணுக்கே தெரியாது. அது போகட்டும், உயிரைப் பாருங்கள். மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் காலையில் நின்ற பாறை மதியம் இருக்காது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடிப்பதை நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பட்ட பாடும் மறந்திருக்காது.

கயாக்குக்கு எமன் அணைக்கட்டு, அதாவது ஆற்றை மறித்துக் கட்டிய தாழ்வான சுவர். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே 8 இருக்கின்றன. வெள்ள நாளில் மேலிருந்து வருகிறவருக்குச் சுவரே தெரியாது, நீர் சமமாக வழிவதுபோல இருக்கும். விழுந்த நீர் அடியில் போய், மேலே சுருண்டு, மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் சிக்கிய படகும் ஆளும் வெளியே வருவது கடினம். நீச்சல் தெரிந்தவர்களும் மாண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஐப்பசியில் அனுப்ப வேண்டாம், ஐயா. தை பிறந்து மழை ஓய்ந்து, ஆறு தெளிந்த பிறகு வரச் சொல்லுங்கள். அப்போதும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது. பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்கில் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம், தம்பிக்கே தெரியும். நங்கூரம் கட்டினால் மூக்கிலோ வாலிலோ கட்டட்டும். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் கவிழ்த்துவிடும்.

கேள்வி: பாஸ் இவ்வளவு நல்ல மீன் என்றால் குஞ்சு கொண்டுவந்து மணிமுத்தாறு அணையில் விட்டால் என்ன?
(ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: கூடவே கூடாது. தென்னாப்பிரிக்காவுக்கு 1937-இல் இந்த மீனைக் கொண்டுபோனார்கள். கேப் பகுதி ஆறுகளில் அது உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்த்தது. ரொண்டேகாட் என்ற ஆற்றின் ஒரு பகுதியில் 2012-இல் மீன்கொல்லி மருந்து விட்டு பாஸை ஒழித்த பிறகுதான் அங்கே உள்ளூர் மீன் திரும்பியது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் நம் குளங்களில் என்ன செய்திருக்கிறது என்று எந்த மீன்காரரிடமும் கேளுங்கள். அயிரையும் ஆராலும் கெண்டையும் குறைந்துவருகிற ஆற்றில் இன்னொரு வேட்டை மீனை விடுவது பாவம்.

கேள்வி: பாபநாசம் கோயில் படித்துறை மீன்களைத் தூண்டிலில் பிடிக்கலாமா?
(ஒரு வாசகி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: பொரி போட்டு ஊரே வளர்க்கிற மீன், அம்மா. தொடக் கூடாது. அதற்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கேயும் தூண்டிலோடு போகக் கூடாது.

கேள்வி: பாஸுக்கு ஈடாக நம் பக்கத்தில் கயாக்கில் பிடிக்க எது நல்ல மீன்?
(ஒரு வாசகர், முக்கூடல்)

பதில்: விரால். இரையைப் பாய்ந்து அடிப்பதில் பாஸுக்கு எள்ளளவும் குறைந்ததில்லை. வெளிக்காற்றை விழுங்க அவ்வப்போது மேலே வரும். பாசி விலகி ஒரு குமிழி உடைந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துடுப்புச் சத்தமில்லாமல் எட்டத்தில் நின்று, ரப்பர் தவளையை அதைத் தாண்டிப் போட்டு, பாசிமேல் நடத்தி வர வேண்டும். அடித்ததும் இழுத்துவிடாதீர்கள், தவளை உள்ளே போக ஒரு கணம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் விராலின் செந்நிறப் பார்ப்பு (குஞ்சுகள்) கூட்டமாக மேலே மொய்ப்பதைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. குஞ்சுக்கு அருகே எது வந்தாலும் பாயும் என்பதால் அப்போது பிடிப்பது மிக எளிது, அதைப் பிடித்தால் பார்ப்பு முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். பாஸிலும் ஆண்மீன் இப்படித்தான் கூட்டைக் காக்கிறது.

குளமாக இருந்தால் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குறடும் கையில் இருக்கட்டும். விராலுக்கு உண்மையான பல் உண்டு, பாஸைத் தூக்குவதுபோல உதட்டில் விரல் வைத்தால் கிழித்துவிடும்.