பதவி உயர்வு மறுப்பு: காத்திருந்தால் வழக்கே இல்லாமற் போகும்

கேள்வி: மத்திய அரசாங்கத் திணைக்களமொன்றில் பணிபுரியும் தமிழ்ப் பெண் நான். பதவி உயர்வுக்கான எழுத்துப் பரீட்சையில் முதலிடம் பெற்றும், நேர்முகப் பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளி தரப்பட்டதால் தெரிவாகவில்லை. “பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளிக்களப் பணி செய்வீர்களா?” என்று சபையில் ஒருவர் கேட்டார். அந்தத் தரத்தில் தமிழ், முஸ்லிம் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பெறுபேறு வெளியாகி மூன்று வாரங்களாகின்றன. அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.

பதில்: காத்திருக்காதீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 126(2) ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். மேன்முறையீடு நிலுவையில் இருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது.

பெண்களின் எண்ணிக்கை குறைவென்பது நியாயமான ஆதங்கம்தான். ஆனால் உங்கள் வழக்கு அதில் தங்கியிருக்கவில்லை. 12(4) ஆம் உறுப்புரை பெண்களின் முன்னேற்றத்துக்கென விசேட ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கிறதே தவிர, உங்களுக்கு ஓர் இடத்தை ஒதுக்கித் தரவில்லை. ஆட்சேர்ப்புத் திட்டத்திலுள்ள புள்ளி ஒதுக்கீட்டின்படிதான் சபை புள்ளியிட்டதா என்பதே, சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் 12(1) இன் கீழ் நீங்கள் எழுப்ப வேண்டிய வினா. பிள்ளைகளைப் பற்றிய அந்தக் கேள்வியை, கேட்டவர் யார், என்ன சொற்களில் கேட்டார் என்பதோடு சத்தியக்கடதாசியில் எழுதுங்கள். ஆண் விண்ணப்பதாரி எவரிடமும் அது கேட்கப்படவில்லையென்றால், பால் அடிப்படையிலான பாரபட்சத்துக்கு 12(2) இன் கீழ் அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

என்னிடம் வருவோர் பெரும்பாலும் இடறுவது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் விடயத்தில்தான். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குள் செய்யப்பட்ட முறைப்பாடு மீதான விசாரணை நிலுவையிலுள்ள காலத்தை, மனுவுக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்ப்பதில்லை என்கிறது. அதை நம்பி, முறைப்பாடு கிடைத்ததற்கான கடிதத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் விசாரணை நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும்போது காட்ட எதுவும் இருப்பதில்லை, மனு அந்த இடத்திலேயே தள்ளுபடியாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புள்ளித்தாளை இன்றே கோருங்கள், ஆனால் அது கைக்கு வரும்வரை மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். தெரிவானவர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டும். சக ஊழியர்களாயிற்றே என்று தயங்கி அவர்களை விட்டுவிட்டால், அவசியமான தரப்பினர் இல்லையென்ற ஆட்சேபனை ஒன்றே மனுவை வீழ்த்தப் போதும்.

அடுத்த வெற்றிடத்தில், முன்திகதியிட்ட சேவை மூப்புடன் நியமனம் தருவதாகத் திணைக்களம் முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட உங்களுக்கு அதில் நன்மை அதிகம். ஆயினும் அந்த இணக்கம் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறுவதற்கு முன், எந்த அதிகாரி வாய்மொழியாக உறுதியளித்தாலும், மனுவை மீளப்பெறாதீர்கள்.