ஐப்பசியில் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழை தொடங்கிய பின் எங்கள் கறிவேப்பிலைச் செடி நன்றாகத் துளிர்த்தது. இப்போது அந்தக் கொழுந்துகளில் பறவை எச்சத்தைப் போன்ற புழுக்கள் ஊர்கின்றன. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாமா?
– சிதம்பரம் வாசகி

பதில்: தெளிக்க வேண்டாம். அவை பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழுக்களாக இருக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் வில்வமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், தாய்ப்பூச்சி இவற்றில் எதன் இளந்தளிர் கிடைத்தாலும் அதில் ஒவ்வொன்றாக முட்டையிட்டுச் செல்லும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழையில் செடிகள் ஒருசேரத் துளிர்ப்பதால்தான் புழுக்களும் இந்த மாதத்தில் ஒருசேரக் கண்ணில் படுகின்றன. வளர வளர எச்ச நிறம் மறைந்து புழு இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, காரமான வாடையைப் பரப்பும். எதிரியை விரட்ட அதனிடம் உள்ள ஆயுதம் அது ஒன்றே.

ஆளுயரம் வளர்ந்த செடி என்றால் சில கிளைகளின் இலைகளை இழப்பதால் அதற்குக் கேடில்லை. ஒடித்த இடத்திலும் தின்ற இடத்திலும் மறுபடி துளிர்க்கும் இயல்புடையது கறிவேப்பிலை. நட்டுச் சில மாதங்களே ஆன கன்றாக இருந்தால் மட்டும், புழு இருக்கும் இலையோடு கிள்ளியெடுத்து, பக்கத்திலுள்ள எலுமிச்சையிலோ நாரத்தையிலோ விட்டுவிடுங்கள். தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும் இரையில் இத்தகைய புழுக்களும் உண்டு. எனவே மருந்து தெளித்த தோட்டத்தில் அந்தச் சிறு பறவையின் குரலும் குறைந்துபோகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் எங்கள் மாடிப்படியருகே பச்சை முதுகும், நீலம் கலந்த சிறகும், வாலடியில் சிவப்பும் கொண்ட குட்டை வால் பறவை ஒன்று சோர்ந்து கிடந்தது. அது என்ன பறவை? என்ன செய்திருக்க வேண்டும்?
– புதுச்சேரி வாசகர்

பதில்: நீங்கள் கண்டது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அமைந்த பெயர் அது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா போன்ற பகுதிகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து வருவதால் நகரங்களின் விளக்கொளியில் திசை தடுமாறி, கண்ணாடியிலும் சுவரிலும் மோதி விழுவது இப்பருவத்தில் அடிக்கடி நிகழ்கிறது.

இனி ஒருமுறை கண்டால், காற்றோட்டத்திற்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் மெதுவாக வைத்து, இருட்டான அமைதியான மூலையில் விடுங்கள். பூனையும் நாயும் அணுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்துவிட்டால் அன்று மாலையே மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.

இந்தப் பறவை தரையில் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழுபூச்சிகளைத் தின்று வாழ்வது. மாமரத்தடியிலும் பலாவடியிலும் உள்ள சருகை மாசி வரை கூட்டாமல் விட்டுவைப்பதே நாம் அதற்குச் செய்யக்கூடிய பேருதவி என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது உண்மையா?
– திருவாரூர் வாசகர்

பதில்: இப்பருவத்தில் கூட்டமாகத் தெரியும் மஞ்சள் நிறத் தட்டான், மழைக்காற்றோடு நெடுந்தொலைவு இடம்பெயரும் இனம். அக்டோபரில் அது மாலத்தீவுகளில் திரளாக வந்திறங்குவதைக் கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை அது செல்லக்கூடும் என்று 2009இல் எழுதினார். காற்றும் மழையும் தட்டானும் சேர்ந்தே வருவதால் முன்னோர் கண்டதில் பொருள் உண்டு. ஆனால் நாற்று நடுவதையோ உரமிடுவதையோ அதை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும் பாருங்கள். தட்டான்கள் கொசுவைப் பிடித்துத் தின்னும் என்பதற்காகத் தொட்டித் தட்டுகளில் நீரைத் தேங்கவிடாதீர்கள். முட்டையிலிருந்து கொசு உருவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருமுறையேனும் அவற்றைக் கவிழ்த்துக் காயவையுங்கள்.