பல பக்கப் படிவம்: முதல் பக்கத் தகவல் மூன்றாம் பக்கத்தில் காலியாக வருவது ஏன்?

சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் மூன்று பக்க விண்ணப்பம். பெயரும் முகவரியும் இரண்டாம் பக்கம் வரை வருகின்றன, மூன்றில் காணவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்ட் செய்த, அதாவது படிவத்திலிருந்து சர்வருக்கு அனுப்பிய, தகவலுக்கு ஆயுள் ஒரே ஒரு ரிக்வெஸ்ட்தான் (பிரவுசர் சர்வரிடம் கேட்கும் ஒரு தடவை). இரண்டாம் பக்கத்தை சப்மிட் செய்தால் அந்தப் பக்கத்து ஃபீல்டுகள் மட்டுமே சர்வருக்குப் போகும். முந்தையதை எங்கேயும் எடுத்து வைக்காவிட்டால் போனது போனதுதான்.

ஹிட்டன் ஃபீல்டில் (பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஃபீல்டு) கடத்தலாம், சின்னப் படிவத்துக்கு ஓடும். ஆனால் எஃப்12 தட்டி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் அதை மாற்றிவிடலாம்; கட்டணத்தை அதில் வைத்தால் 500 ரூபாய் 5 ரூபாயாகத் திரும்பி வரும். கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கிற பாட்டுக்கு, பயனருக்கென்று சர்வரிலேயே தகவலை எடுத்து வைக்கும் செஷனே மேல்.

ஒவ்வொரு பக்கத்திலும் எதையும் அச்சிடும் முன்பே செஷனைத் தொடங்குங்கள். பிஎச்பி திறப்புக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' என்று எச்சரிக்கை வரலாம். வந்த தகவலைச் சரிபார்த்து, செஷனில் வைத்து, 303 ரீடைரக்ட் ('வேறு முகவரிக்குப் போ' என்று பிரவுசருக்குச் சொல்லும் பதில்) கொடுத்து அடுத்த பக்கத்துக்கு அனுப்புங்கள். ரீஃப்ரெஷ் செய்தால் 'மறுபடி அனுப்பவா' என்று பிரவுசர் கேட்காது.

பலரும் சறுக்குவது செக்பாக்ஸில். டிக் இல்லாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. பயனர் பின்னால் போய் 'விடுதி வேண்டும்' என்பதில் டிக்கை எடுத்துவிட்டு வந்தாலும், புதிய அரேயை (மதிப்புகளின் தொகுப்பை) செஷனில் உள்ள பழையதோடு அப்படியே மெர்ஜ் செய்திருந்தால் பழைய 'ஆம்' அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் படி1, படி2 என்று தனித்தனிச் சாவியில் (செஷனில் தகவலை அடையாளம் காட்டும் பெயர்) வைத்து, படி திரும்ப சப்மிட் ஆகும்போது அந்தச் சாவியை முழுசாக மாற்றி எழுதுங்கள்.

அடுத்தது இரண்டு டேப். அண்ணனுக்கு ஒரு டேப், தங்கைக்கு ஒரு டேப் என்று அப்பா இரண்டு விண்ணப்பம் திறந்தால் இரண்டுக்கும் செஷன் ஒன்றுதான். அண்ணன் பெயரில் தங்கை மதிப்பெண் ஏறும். முதல் பக்கம் திறக்கும்போதே ஒரு ரேண்டம் அடையாளம் உருவாக்கி, அதன் கீழ் தகவலை வைத்து, அந்த அடையாளத்தை மட்டும் ஹிட்டன் ஃபீல்டில் அனுப்புங்கள். 303-இல் போகும் இணைய முகவரியிலும் அது கூடவே போக வேண்டும்.

கோப்பு அப்லோட் இருந்தால், தற்காலிகக் கோப்பு அந்த ரிக்வெஸ்ட் முடிந்ததும் அழிந்துவிடும். அதே படியிலேயே வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, செஷனில் பாதையை மட்டும் வையுங்கள்.

செஷனின் இயல்பு ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். சான்றிதழ் தேடி எழுந்து போகிறவருக்கு அது பத்தாது. நீளமான படிவமென்றால் படிக்குப் படி டேட்டாபேஸில் 'வரைவு' நிலையில் சேமித்துவிடுங்கள். கடைசிப் பக்கம் வந்ததும் எல்லாப் படிகளும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். மூன்றாம் பக்கத்தின் இணைய முகவரியை நேராகத் தட்டி வருபவர்களும் உண்டு. பதிவானதும் அந்த அடையாளத்தின் கீழுள்ளதை மட்டும் அழியுங்கள். செஷனையே அழித்தால் அடுத்த டேப்பில் பாதி நிரப்பியதும் சேர்ந்து போய்விடும்.