மே தினத் தியாகிகளின் கல்லறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

1923இல் சிங்காரவேலர் சென்னையில் நடத்திய மே தினம் பற்றிய கட்டுரையில், சிகாகோ தியாகிகள் ஒரு ஜெர்மன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் ஜெர்மானியருக்கென்று தனிக் கல்லறைத் தோட்டமா? ஜெர்மானியர் அல்லாத ஆல்பர்ட் பார்சன்ஸுக்கு அங்கே எப்படி இடம் கிடைத்தது?

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

அன்றைய சிகாகோவில் குடியேறியவர்களில் ஜெர்மானியரே பெருங்கூட்டம். பள்ளி, தேவாலயம், உடற்பயிற்சிக் கழகம், நாளிதழ் எல்லாம் அவர்கள் மொழியிலேயே நடந்தன. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தை ஒட்டி 1886இல் சிகாகோ ஹேமார்க்கெட்டில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அந்த வழக்கில் சிக்கிய எட்டுப் பேரில் பார்சன்ஸும் இங்கிலாந்துக்காரரான ஃபீல்டனும் போக மற்ற அறுவரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள், அல்லது ஜெர்மன் பெற்றோரின் பிள்ளைகள். நம் மே தினக் கட்டுரைகள் இதைச் சொல்லாமலே கடந்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் கேட்ட கல்லறைத் தோட்டத்தின் பெயர் வால்ட்ஹைம். அதை 1873இல் தொடங்கியவர்கள் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் ஜெர்மன் சங்கத்தார். நகருக்கு மேற்கே டெ பிளேன் ஆற்றங்கரை நிலம் அது. ஜெர்மானியர்கள் வருமுன்பே போட்டவாட்டமி பழங்குடியினர் தம் இறந்தோரைப் புதைத்த மண். மதம், இனம், அரசியல் எதையும் பார்க்காமல் யாருக்கும் இடம் தருவது என்று வால்ட்ஹைம்காரர்கள் வைத்துக்கொண்டதுதான் முக்கியம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுவே பதில்.

1887 நவம்பர் 11 அன்று ஸ்பீஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். லிங் முந்தைய நாளே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஐவரையும் வால்ட்ஹைம் ஏற்றுக்கொண்டது. இறுதி ஊர்வலத்தைக் காண நகரமே தெருவில் திரண்டு நின்றது.

நினைவுச்சின்னம் 1893 ஜூன் 25 அன்று திறக்கப்பட்டது. ஆல்பர்ட் வைனர்ட் வடித்த வெண்கலச் சிற்பம் அது. முக்காடிட்ட ஒரு பெண் நிமிர்ந்து நின்று, காலடியில் வீழ்ந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் மாலை சூட்டுகிறாள். மறுநாளே, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர் ஆல்ட்கெல்ட், சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் விடுவித்தார். விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று காரணமும் எழுதினார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர். பத்திரிகைகள் அவரைக் கிழித்தெடுத்தன, 1896 தேர்தலில் தோற்றார்.

பிறகு தொழிலாளர் இயக்கத்தார் பலர் தம்மை அங்கேயே புதைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். 1919இல் அமெரிக்கா நாடு கடத்திய, அரசே வேண்டாம் என்ற அனார்க்கிசவாதி எம்மா கோல்ட்மன், 1940இல் கனடாவில் இறந்தபின் அங்கே வந்து சேர்ந்தார். பார்சன்ஸின் மனைவி லூசியும் அங்கேதான் இருக்கிறார். அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். கணவர் போன பிறகு ஐம்பதாண்டுகளுக்கு மேல் மேடை மேடையாகப் பேசி, 1942இல் வீட்டில் பற்றிய தீயில் இறந்தார்.

அன்புடன்